மிதாட்சரமும் ஊர் வழக்கமும்: நீதிபதி நெல்சனை முன்வைத்து ஒரு திறந்த மடல்

ஆமத்தூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்தும் சட்டம் பயிலச் செல்லும் மாணவ மாணவியருக்கும், திருவில்லிபுத்தூர், விருதுநகர், சிவகாசி நீதிமன்றங்களில் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் வழக்கறிஞர்களுக்கும்,

இந்துச் சட்டத்தில் வாரிசுரிமை, பாகப் பிரிவினை, தத்து ஆகிய பகுதிகளைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் அறிமுகமாகும் பெயர் மிதாட்சரம். கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கியர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, விஞ்ஞானேசுவரர் என்னும் அறிஞர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய வடமொழி உரையே அது என்பதும், வங்காளம் போன்ற பகுதிகள் நீங்கலாக இந்தியாவின் பெரும்பகுதியில் இந்துக்களின் கூட்டுக் குடும்பச் சொத்துரிமை அவ்வுரையை ஒட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதும் வகுப்பறையில் சொல்லப்படுகின்றன. ஆனால் கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் விளைவித்தவர்களும், பனையேறியவர்களும், ஆடு மேய்த்தவர்களும், வண்டி கட்டி வணிகம் செய்தவர்களும் எப்போது அந்த வடமொழி உரையின் ஆளுகைக்குள் வந்தார்கள், அவர்களை அதற்குள் கொண்டுவந்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படாமலே விடப்படுகிறது. அவர்களுடைய கொள்ளுப்பேரர்களும் கொள்ளுப்பேத்திகளுமாகிய உங்களுக்கு அந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதே இம்மடல் எழுதப்படுவதற்குக் காரணம்.

அந்தக் கேள்வியை நூல் மேல் நூலாக எழுதி எழுப்பியவர் ஓர் ஆங்கிலேய நீதிபதி. ஜேம்ஸ் ஹென்றி நெல்சன் என்னும் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வுநிலை உறுப்பினராக இருந்து, பின்னர் சென்னை சிவில் சர்வீஸில் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர். சிவில் சர்வீஸ் என்பது அக்காலத்தில் வரி வசூலிக்கும் கலெக்டர்களையும் வழக்குகளைத் தீர்க்கும் ஜில்லா நீதிபதிகளையும் ஒரே பட்டியலிலிருந்து நியமித்த பணியமைப்பு. அதில் சேர்ந்த ஒருவர் சில ஆண்டுகள் நிலவரித் துறையில் பணியாற்றி ஊர்களையும் மக்களையும் அறிந்துகொண்ட பிறகு நீதித் துறைக்கு மாறுவது இயல்பாக நிகழ்ந்தது. அவ்வாறு மாறியவர்களுள் நெல்சனும் ஒருவர். பிற்காலத்தில் அவர் கடப்பை ஜில்லாவின் நீதிபதியாக விளங்கினார். உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி அவருக்குக் கிட்டவே இல்லை. அவர் எழுதியவற்றைப் படிப்பவர்களுக்கு அது வியப்பளிக்காது.

மதுரை ஜில்லாவைப் பற்றிய முழுமையான கையேடு ஒன்றைத் தொகுக்கும் பணியைச் சென்னை அரசாங்கம் நெல்சனிடம் ஒப்படைத்தது. ஜில்லா கையேடு என்பது ஒரு ஜில்லாவின் நிலம், நீர்ப்பாசனம், சாதிகள், வரலாறு, வரி விதிப்பு ஆகிய அனைத்தையும் புதிதாக வரும் அதிகாரியின் பயனுக்காக ஒரே நூலில் திரட்டித் தருவது. 1868இல் வெளியான அவருடைய மதுரை நாட்டுக் கையேடு அவ்வகை நூல்களுள் மிக முந்தியவற்றுள் ஒன்றாகும். இயேசு சபைப் பாதிரியார்கள் மதுரை மிஷனிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பிய கடிதங்களையும், உள்ளூர்ச் சுவடிகளையும், கலெக்டர் அலுவலகப் பதிவுகளையும் அவர் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நாயக்கர் ஆட்சிக் காலத்தின் வரலாற்றைக் கட்டியெழுப்பினார். அவருடைய முடிவுகளில் பலவற்றை 1924இல் வெளியான மதுரை நாயக்கர் வரலாற்று நூலில் ஆர். சத்தியநாத ஐயர் திருத்தியிருக்கிறார் எனினும், திருத்துவதற்கும் முதலில் ஒரு நூல் வேண்டியிருந்தது. சாதிகளைப் பற்றி நெல்சன் எழுதிய பக்கங்களில் ஆளும் இனத்தவரின் மேட்டிமை தென்படுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று மதுரை ஜில்லாவுக்குள் இருந்த இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. ஆமத்தூரும் விருதுபட்டியும் சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டபோதுதான் இவ்விரு பகுதிகளும் ஒரே ஜில்லாவாயின. ஆகவே நெல்சனின் கையேட்டில் ஆமத்தூரைத் தேடிப் பயனில்லை. ஆனால் ஜில்லா எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்களே ஆதலால், அங்கே அவர் கண்டறிந்தது இங்கேயும் பொருந்தும். அவர் கண்டறிந்தது இதுதான்: ஒவ்வொரு குலத்துக்கும் திருமணம், தீர்த்துவிடல், மறுமணம், பங்கு பிரித்தல் ஆகியவற்றில் தனித்தனி நடைமுறை இருந்தது, அவற்றை ஊர்ப் பெரியவர்களும் நாட்டாண்மைகளும் அறிந்திருந்தனர், வடமொழி நூல் எதையும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

நீதிமன்றங்களோ வேறு திசையில் சென்றுகொண்டிருந்தன. இந்துக்களின் வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றைச் சாத்திரப்படியே தீர்க்க வேண்டும் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வங்காளத்துக்கு வகுத்த திட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சாத்திரம் எது என்று அறிய நீதிமன்றங்களில் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டனர். மிதாட்சரத்தின் தாயவிபாகப் பகுதியை, அதாவது சொத்துப் பிரிவினை பற்றிய பகுதியை, ஆங்கிலேய அறிஞர் கோல்புருக் 1810இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதியாக இருந்த சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், இங்கிலாந்து திரும்பிய பின் 1825இல் இந்துச் சட்டத்தின் அடிப்படைகளை விளக்கும் நூலை வெளியிட்டார். 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. 1864இல் பண்டிதர் பதவி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வடமொழி அறியாத ஆங்கிலேய நீதிபதிகள், மொழிபெயர்ப்பு நூல்கள் சிலவற்றையும் தங்களுடைய முந்தைய தீர்ப்புகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு தமிழ்க் குடும்பங்களின் சொத்துத் தகராறுகளைத் தீர்க்கத் தொடங்கினர். தமிழறிஞரும் சென்னைக் கலெக்டருமான எல்லிஸ், 1819இல் இராமநாதபுரத்தில் இறப்பதற்கு முன்பே, ஸ்மிருதிகளின் சட்டம் பலவாறு மாற்றம் பெற்றே தவிர அப்படியே தமிழரின் சட்டமாக இருந்ததில்லை என்று எழுதிவைத்திருந்தார். அந்த எச்சரிக்கையை நீதிமன்றங்கள் பொருட்படுத்தவில்லை.

இதன் விளைவை இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் வழக்குகள் காட்டுகின்றன. ஆண் வாரிசின்றி இறந்த சேதுபதியின் மனைவி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவரின் முன் அனுமதி இல்லாமல், அவர்தம் உறவினரின் ஒப்புதலோடு தத்து எடுத்தது செல்லுமா என்பது இராமநாதபுரம் வழக்கின் மையக் கேள்வி. தத்தை ஏற்க மறுத்த அரசாங்கத்தின் சார்பில் மதுரைக் கலெக்டர் எதிர்த்தரப்பாக நின்றார். மறவர் குலத்து அரசியின் தத்தைச் சோதிக்க அந்தக் குலத்தின் பெரியவர்கள் எவ்வாறு தத்தெடுத்து வந்தார்கள் என்பதைக் காட்டிலும், வடமொழியில் தத்து பற்றி எழுந்த உரைநூல்களின் வாசகங்களே நீதிபதிகளால் மிகுதியாக ஆராயப்பட்டன. 1868இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அதாவது பேரரசின் இறுதி முறையீட்டு மன்றம், தத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலேயே, தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுத்து வடிவச் சட்டத்தை விட மேலோங்கும் என்னும் கொள்கையும் கூறப்பட்டது. இன்றும் சட்ட நூல்கள் எடுத்துக்காட்டும் கொள்கை அது. சிவகங்கை ஜமீன் பற்றிய நெடிய வழக்குத் தொடரில் 1871இல் தீர்ப்பெழுதிய நீதிபதி ஹாலோவே, மறவர்களுக்கு இந்துச் சட்டக் கோட்பாடுகளைப் பொருத்துவது அபத்தம் என்று தாம் உணர்வதாகவும், ஆனால் இவ்வளவு காலம் கடந்த பின் அந்த உணர்வின்படி நடக்க இயலாது என்றும் தீர்ப்பிலேயே பதிவு செய்தார். தாம் செலுத்தும் சட்டம் எதிரே நிற்பவர்களுக்கு உரியதன்று என்று அறிந்தும் அதையே செலுத்திய அந்த ஒப்புதல், நெல்சனின் நூல்கள் அனைத்துக்கும் தோற்றுவாய் என்று சொல்லத் தகுந்தது.

ஹாலோவேயே 1863இல் மற்றொரு வழக்கில், நீதிமன்றம் இதுவரை ஏற்றுக்கொள்ளாத வழக்கம் எதுவும் நூலாதாரத்துக்கு எதிராக நிற்க முடியாது என்று கூறியிருந்தார். இக்கூற்றின் உட்பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கே போகாமல் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் தீர்த்துக்கொண்டவர்களின் வழக்கம் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்க வழியே இல்லை. ஆகவே எந்த வழக்கம் சச்சரவின்றி, அனைவராலும் ஏற்கப்பட்டு இயங்கியதோ, அதுவே ஆதாரமற்றதாகிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமை ஜமீன் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1872இல் பிரிவி கவுன்சில், வழக்கம் தொன்மையானதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், ஐயத்துக்கிடமற்ற சான்றால் நிறுவப்படவும் வேண்டும் என்று விதித்தபோது, எழுதப்படாத வழக்கத்தை நம்பியிருந்த குடும்பங்களின் சுமை இன்னும் கூடியது.

ஜமீன்தார்களுக்குப் பெரிய வழக்கறிஞர்களும் இலண்டன் வரை செல்லப் பணமும் இருந்தன. ஊர்ப்புறப் பெண் ஒருத்திக்கு இவற்றில் எதுவும் இல்லை. தென்மாவட்டங்களின் பல குலங்களில் கணவனை இழந்தவளோ தீர்த்துவிடப்பட்டவளோ மறுபடி மணம் செய்துகொள்ளும் நடைமுறை, அறுத்துக்கட்டுதல் என்ற பெயரில், எவர் அனுமதியையும் எதிர்பாராமல் நெடுங்காலமாக இருந்து வந்தது. உயர்சாதி விதவைகளின் நிலையை மனத்தில் கொண்டு 1856இல் இயற்றப்பட்ட விதவை மறுமணச் சட்டம், மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய கையோடு, மறுமணம் செய்துகொள்ளும் விதவை முதல் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. மறுமணத்துக்குச் சட்டத்தின் துணையே தேவைப்படாத குலங்களின் பெண்களுக்கும் இந்த இழப்பு உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் மறவர் குலப் பெண் ஒருத்தியின் வழக்கில், இந்துச் சட்டத்தின் பொதுக் கொள்கைப்படி அவளுக்கும் அந்த இழப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1877இல் வெளியான தீர்ப்புத் திரட்டின் முதல் தொகுதியில் இருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றமோ 1889இல் நேர்மாறாக, குல வழக்கப்படி மறுமணம் செய்துகொள்ளும் விதவை சொத்துரிமையை இழப்பதில்லை என்று முடிவு செய்தது. கணவனின் மூன்று காணி புன்செய்யை உழுது பிள்ளைகளை வளர்த்த ஒருத்தி, கங்கைக் கரையில் பிறந்திருந்தால் மறுமணத்துக்குப் பின்னும் நிலத்தை வைத்திருந்திருப்பாள்; இங்கே பிறந்ததால் கொழுந்தன்மார்களிடம் இழந்தாள். நெல்சனின் கேள்வி வெறும் அறிஞர் விவாதமன்று என்பதற்கு இந்த ஒரு தீர்ப்பே போதும்.

அதே 1877இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செலுத்தும் இந்துச் சட்டத்தைப் பற்றிய நெல்சனின் முதல் சட்ட நூல் வெளிவந்தது. 1881இல் இந்துச் சட்டத்தை அறிவியல் முறையில் ஆய்வதற்கான முன்வரைவாக இரண்டாவது நூலை வெளியிட்டார். உயர் நீதிமன்றம் பிழையாகக் கைக்கொண்டவை என்று 15 கொள்கைகளை அவர் எடுத்து ஒவ்வொன்றாக மறுத்தார். இந்துக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் ஒரே சட்டம் என்று ஒன்று இருந்தது என்பதையும், திராவிடம், கர்நாடகம், ஆந்திரம் என்று சட்டப் பிரிவுகள் இருந்தன என்பதையும், மிதாட்சரமே தென்னாட்டின் தலைமை நூல் என்பதையும் அவர் ஏற்கவில்லை. அவை ஐரோப்பிய அறிஞர்களின் நூலகத்தில் பிறந்து நீதிமன்றத்தில் வளர்ந்தவை என்றார். வழக்கத்தைப் பற்றி ஹாலோவே வகுத்த விதியையும் அவர் விடவில்லை. 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இந்துச் சட்டத்தோடு, சட்ட வலிமையுள்ள வழக்கம் இருப்பின் அதையும் பின்பற்றுமாறு நீதிமன்றங்களுக்குக் கட்டளையிட்டிருப்பதைச் சுட்டி, உயர் நீதிமன்றம் வழக்கத்தைப் புறக்கணிப்பது சட்டமன்றத்தின் ஆணையையே புறக்கணிப்பதாகும் என்று வாதிட்டார். தஞ்சை நீதிபதியாக இருந்து அங்குள்ள அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த வடமொழி அறிஞர் பர்னல், இவ்வழியில் நெல்சனுக்கு முன்னோடியாகவும் துணையாகவும் இருந்தார்.

ஒரு ஜில்லா நீதிபதி, தம்முடைய தீர்ப்புகளின் மீதான மேல்முறையீடுகளை விசாரிக்கும் அதே நீதிமன்றத்தைப் பெயர் சொல்லி நூலில் கண்டிப்பது எவ்வளவு துணிவான செயல் என்பதை நீதிமன்ற நடைமுறை அறிந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதிலும் வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி எல். சி. இன்ஸ், ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு முகவரியிட்ட கடிதமாக 1882இல் தம் மறுப்பை அச்சிட்டு வெளியிட்டார். நெல்சனின் வழியை ஏற்றால், பல்லாண்டுகளாகத் தீர்ப்புகளை நம்பி நிலம் வாங்கியவர்களின், கடன் கொடுத்தவர்களின், பங்கு பிரித்துக்கொண்டவர்களின் உரிமைகள் அனைத்தும் ஆட்டம் காணும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சட்டம் தவறாகவே தொடங்கியிருந்தாலும், அதை நம்பி வாழ்ந்தவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். ஆனால் முன்னர் நிகழ்ந்த பிழையைக் காப்பாற்றுவதற்காக இனி வரும் வழக்குகளிலும் அதையே தொடர வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை. நெல்சன் 1887இல் இந்திய வழக்கமும் நீதிபதிகள் ஆக்கிய சட்டமும் பற்றிய மூன்றாவது நூலை வெளியிட்டு மறுமொழி அளித்தார். நீதிபதி ஆக்கிய சட்டம் என்பது, சட்டமன்றம் இயற்றாமல், தீர்ப்புகளின் அடுக்கிலிருந்து தானே உருவாகும் சட்டம். அவ்வாறு உருவான ஒன்றுக்குப் பழஞ்சாத்திரம் என்று பெயரிடுவதையே அவர் எதிர்த்தார்.

இடைவழி ஒன்றும் அக்காலத்தில் தோன்றியது. சென்னையில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜான் மேய்ன் 1878இல் வெளியிட்ட நூலுக்கு இந்துச் சட்டமும் வழக்கமும் என்ற பொருளில் பெயரிட்டு, சாத்திரமும் மக்கள் வழக்கமும் ஒன்றையொன்று பாதித்தே வளர்ந்தன என்று விளக்கினார். அந்நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் வழக்கறிஞர் அலுவலக அலமாரிகளில் இருக்கிறது. நெல்சனின் மூன்று நூல்களையோ அத்தகைய அலமாரிகளில் காண்பது அரிது. மேய்னின் நிதானம் நெல்சனிடம் இல்லை என்பது உண்மையே. தமிழ்நாட்டில் சாத்திரத்தின் செல்வாக்கு நெல்சன் கருதியதைவிட அகலமானது. பார்ப்பனருக்குத் தானமாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர்களின் சபைகளும் கோயில் தானங்களும் பற்றிய கல்வெட்டுகள் அதைக் காட்டுகின்றன. பார்ப்பனர், பார்ப்பனர் அல்லாதார் என்று அவர் போட்ட கோடும் வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஓடவில்லை. ஆயினும் நெல்சன் உரத்துப் பேசியிராவிட்டால் மேய்ன் நிதானமாகப் பேசியிருந்தும் நீதிமன்றம் செவிமடுத்திருக்குமா என்பது ஐயமே.

நெல்சன் விரும்பியது, மக்களின் வழக்கங்களை நேரில் கேட்டுத் தொகுக்க வேண்டும் என்பது. அது நடக்காத கனவன்று. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தமிழரின் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதி முடித்தார்; அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது. தேசவழமை என்னும் அத்தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806இல் சட்ட வலிமை அளித்தனர். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையில் இன்றும் அது செயல்படுகிறது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் தமிழருக்கு அவர்தம் வழக்கமே சட்டமாக இருக்க, இக்கரையில் சாளுக்கிய நாட்டு உரைநூல் சட்டமாயிற்று. பஞ்சாபில் 1872இலேயே வழக்கத்துக்கு முதலிடம் தரும் சட்டம் வந்துவிட்டது. அங்கே வழக்கத்தைச் சொல்ல அழைக்கப்பட்டவர்கள் நிலவுடைமைக் குடும்பங்களின் ஆண் தலைவர்களே; மகளுக்கும் விதவைக்கும் நிலத்தில் பங்கில்லை என்று அவர்கள் சொன்னது அப்படியே எழுதப்பட்டது. வழக்கத்தைத் தொகுக்கும்போது யாரிடம் கேட்கப்படுகிறது என்பது எத்துணை முதன்மையானது என்பதற்கு அதுவே சான்று.

வழக்கத்தின் இந்த மறுபக்கத்தை உங்கள் பகுதியும் நன்கறியும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்து வழிபட்டதை எதிர்த்து, கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றம் 1899இல் அளித்த தீர்ப்பும், உயர் நீதிமன்றத் தீர்ப்பும், 1908இல் பிரிவி கவுன்சில் அளித்த இறுதித் தீர்ப்பும் நாடார்களுக்கு எதிராகவே அமைந்தன. அவர்களுக்கு நுழைவு இருந்ததில்லை என்ற வழக்கமே அங்கே முதன்மைச் சான்று. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டதும் அதே கோயில் நுழைவுப் பிணக்குகளின் தொடர்ச்சியே. ஒரு விதவைக்கு நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கக்கூடிய அதே வழக்கம், ஒரு சமூகத்தையே கோயில் வாசலில் நிறுத்தவும் பயன்பட்டது. இதற்கு நெல்சனிடம் விடையில்லை. எந்த வழக்கம் மக்களுடையது என்று கேட்டவர், அம்மக்களுள் ஒருவர் மற்றவர்மீது சுமத்திய வழக்கத்தை என்ன செய்வது என்று போதிய அளவு கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடை 1939இலும் 1947இலும் சட்டமன்றம் இயற்றிய கோயில் நுழைவுச் சட்டங்கள் மூலமும், பின்னர் அரசியலமைப்பின் வழியாகவும்தான் வந்தது.

புதிய வழக்கத்தின் கதையும் இம்மாவட்டத்துக்கு உரியதே. முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுவது, 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. புரோகிதரும் வடமொழிச் சடங்கும் இல்லாமல் அதன் பிறகு ஆயிரக்கணக்கான திருமணங்கள் நடந்தன. ஆனால் 1950களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் அத்தகைய திருமணம் ஒன்றின் செல்லுபடி கேள்விக்குள்ளானபோது, சாத்திரச் சடங்கும் இல்லை, தொன்மையான வழக்கம் என்று காட்டவும் இயலவில்லை என்று கூறி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பிரிவி கவுன்சில் 1872இல் வகுத்த தொன்மை என்னும் அளவுகோல், அன்று ஜமீன்களுக்காகச் செதுக்கப்பட்டது, 80 ஆண்டுகளுக்குப் பின் தங்கள் விருப்பப்படி மணந்துகொண்ட எளிய இணையர்கள்மீது விழுந்தது. அண்ணாவின் அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கிய பிறகுதான் அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமை உறுதிப்பட்டது. மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் கிடைத்தது. அதை மிதாட்சரமும் தரவில்லை, ஊர் வழக்கமும் தரவில்லை என்பதை நெல்சனின் பக்கம் நிற்பவர்கள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் வழக்கம் உங்கள் தொழிலில் உயிரோடு இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் வழக்கப்படியான மணமுறிவைக் காப்பாற்றியிருக்கிறது. தெற்கத்திச் சீமையில் அத்துவிடுதல் என்றும் தீர்த்துவிடுதல் என்றும் வழங்கும் அந்த நடைமுறை, பெரியவர்கள் முன்னிலையில் துரும்பு கிள்ளிப் போட்டோ, பெற்ற பொருளைத் திருப்பிக் கொடுத்தோ, வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ முடிக்கப்படுவது. பிற்பாடு ஓய்வூதியம், இழப்பீடு, வாரிசுச் சான்றிதழ் என்று ஏதேனும் ஒன்று வரும்போது, முதல் மணம் முறிந்ததா, இரண்டாவது மணம் செல்லுமா என்ற கேள்வி அந்தப் பெண்ணின் முன் வந்து நிற்கிறது. பட்டாசு ஆலை விபத்தில் கணவனை இழந்தவள் இழப்பீடு கோரி வரும் ஊரில் இது அரிதான கேள்வியன்று. அப்போது அந்தக் குலத்தில் அவ்வழக்கம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவள்மீதே விழுகிறது. இரண்டு உறவினர்களின் பொதுப்படையான வாய்மொழி போதாது என்று வழக்குகள் தோற்கின்றன. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 13ஆம் பிரிவில், ஒரு வழக்கம் கடைப்பிடிக்கப்பட்டதற்கும் மறுக்கப்பட்டதற்கும் உரிய குறிப்பான நிகழ்ச்சிகளைச் சான்றாக ஏற்றது. 48ஆம் பிரிவில், அவ்வழக்கத்தை அறிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தை ஏற்றது. இவ்விதிகள் இப்போதைய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கின்றன. தேவைப்படுவது குறிப்பான நிகழ்ச்சிகள்: எந்த ஆண்டு, எந்த ஊர், யார் முன்னிலையில், என்ன கொடுக்கப்பட்டது, யார் மறுத்தார், மறுத்தபின் என்ன நடந்தது என்னும் விவரங்கள். வழக்கு வந்த பிறகு அவற்றைத் தேடினால் புனைந்தவை என்ற ஐயம் எழும். வழக்கு இல்லாத காலத்திலேயே, பாகப்பிரிவினைத் தாள்களிலிருந்தும், மொய் நோட்டுகளிலிருந்தும், ஊர்க்கூட்டக் குறிப்புகளிலிருந்தும், முதலில் பாட்டிமார்களிடமிருந்தும் அதன் பிறகே நாட்டாண்மைகளிடமிருந்தும், உங்களால் அவற்றைத் திரட்ட இயலும். உயர் நீதிமன்றத்தை எதிர்த்து எழுதிய ஜில்லா நீதிபதிக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அவர் வெளியிலிருந்து வந்தவர், நீங்கள் அந்த வீடுகளின் பிள்ளைகள்.

குடும்பச் சட்டத்தோடு இது நின்றுவிடுவதும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொழிலாளர்கள் வழக்கமாகப் பெற்றுவரும் சலுகையை விலக்குவதற்கும் நடைமுறையில் இருக்கும் வழக்கத்தை மாற்றுவதற்கும் முன் அறிவிப்புத் தர வேண்டும் என்று நான்காம் அட்டவணையின் 8ஆம் இனத்தில் விதித்திருந்தது. ஆண்டுதோறும் மாறாமல் தரப்பட்டு வரும் பண்டிகை போனஸை வழக்கத்தின் அடிப்படையில் கோரலாம் என்பதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பட்டாசுத் தொழிலிலும் தீப்பெட்டித் தொழிலிலும் தீபாவளி போனஸ், முன்பணம், அமாவாசை விடுமுறை, பீஸ் ரேட் கணக்கு ஆகிய பலவும் எழுத்து ஒப்பந்தத்தால் அல்லாமல் வழக்கத்தாலேயே நிற்பவை. அவற்றைக் குறித்த ஏடு கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. திரி வெட்டுபவளிடமும் மருந்து செலுத்துபவனிடமும் அதன் நகல் இருப்பதில்லை. ஒரு யூனிட் கைமாறி உள்குத்தகைக்குப் போகும்போதோ விபத்துக்குப் பின் உரிமம் நிறுத்தப்படும்போதோ, பத்தாண்டுகளாக என்ன தரப்பட்டது என்பதைக் காட்ட அவர்களிடம் உள்ள சான்று, ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய வாரத்தில் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையும், உடன் வேலை செய்தவர்களின் நினைவும் மட்டுமே. அந்தத் தொகைகளையும் நினைவுகளையும் பெயர், தேதி, யூனிட் எண் ஆகியவற்றோடு இப்போதே எழுதி வாங்கத் தொடங்குவதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.